டெர்மினலை அழகாக்கித் தருகிறோம் என்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்கும் முன்

லினக்ஸ் வைத்திருக்கும் திருநெல்வேலி, பாளையங்கோட்டை ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எஸ்எஸ்டி மாற்றவோ கீபோர்டு மாற்றவோ லேப்டாப்பைக் கொடுக்கும்போது, "டெர்மினலையும் புரொபஷனலா செட் பண்ணித் தாரோம், 3,500 ரூபாதான்" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். டெர்மினல் என்பது கட்டளைகளை அடித்துக் கணினியை வேலை வாங்கும் ஜன்னல். அந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்தது என்னவென்று சொல்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியட்டும்.

நான் வீட்டிலிருந்து டிடிபி வேலை பார்ப்பவன். கோவில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், இப்படி. டிசைன் முடிந்ததும் படங்களை அளவு மாற்றுவது, பிடிஎஃப்பை அச்சகம் கேட்கும் நிறமுறைக்குக் கொண்டுவருவது எல்லாம் டெர்மினலில்தான். படங்களுக்கு இமேஜ்மேஜிக், பிடிஎஃப்புக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இரண்டு செயலிகளும் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. அதற்காக வருஷக்கணக்கில் சேர்த்த அலியாஸ்கள், அதாவது நீளமான கட்டளைகளுக்கான சுருக்கப் பெயர்கள், பேஷ்ஆர்சி கோப்பில் இருந்தன. டெர்மினலில் அடிப்பதை வாங்கி ஓட்டும் செயலிக்கு ஷெல் என்று பெயர். என்னுடைய ஷெல் பேஷ், அது தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புதான் பேஷ்ஆர்சி. 'கொடை' என்று அடித்தால் போதும், அந்த ஃபோல்டரில் உள்ள அத்தனை நோட்டீஸும் அச்சுக்குப் போகத் தயாராகிவிடும்.

கடையில் இருந்த தம்பி தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். வண்ண வண்ணமாக ப்ராம்ப்ட் (கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் குறி), அதில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கிளையின் பெயர், பாதி அடித்ததும் மீதியை அதுவே சாம்பல் நிறத்தில் காட்டுவது. எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என்னைச் சம்மதிக்க வைத்தது அதுவல்ல. "தமிழ் ஃபைல் பேரெல்லாம் உடையாம வரும் அண்ணாச்சி, எங்க தீம்ல அதுக்கும் வழி இருக்கு" என்றார்.

தீமில் அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது. டெர்மினல் என்பது ஒரே அகலமுள்ள கட்டங்களில் எழுத்தை அடுக்கும் இடம். 'கொடை' என்பதில் 'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு இடப்பக்கம் வர வேண்டும், கால் வலப்பக்கம் வர வேண்டும், நடுவில் ககரம். இதைச் சேர்த்து வரையும் வேலை டெர்மினல் செயலியுடையது. ஷெல்லுக்கோ அதன் தோற்றத்தை அமைக்கும் தீமுக்கோ அதில் பங்கே கிடையாது. டெர்மினல் செயலியை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான பதில்.

லேப்டாப் திரும்பி வந்தபோது தமிழ்ப் பெயர்கள் பழையபடி உடைந்துதான் கிடந்தன. பேஷுக்குப் பதில் இசட்எஸ்எச் என்ற வேறொரு ஷெல் வந்திருந்தது. அதன் ஆர்சி கோப்பைத் திறந்தால் உச்சியில் கடையின் பெயரும் 'காப்புரிமை எங்களுடையது' என்ற வரியும். கீழே இருப்பதோ அச்சு அசலாக ஓ மை இசட்எஸ்எச். இசட்எஸ்எச்சுக்குத் தீம்களும் வசதிகளும் சேர்க்க ராபி ரஸ்ஸல் 2009-ல் தொடங்கிய திட்டம் அது, எம்ஐடி என்ற திறந்தமூல உரிமத்தில் யாருக்கும் இலவசம். இலவசப் பொருளை நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்குவது தப்பே இல்லை. உழைப்புக்குக் காசு. ஆனால் எம்ஐடி உரிமம் கேட்பதே ஒன்றுதான், எழுதியவரின் உரிமக் குறிப்பை நீக்காதே என்று. இவர்கள் தேடிப் பிடித்து அதைத்தான் நீக்கியிருக்கிறார்கள்.

பழைய பேஷ்ஆர்சி அடியோடு காணோம். கேட்டால் "க்ளீன் பண்ணிட்டோம்". ஓ மை இசட்எஸ்எச்சின் இலவச நிறுவி இருக்கிறதே, அது பழைய இசட்எஸ்எச்ஆர்சி இருந்தால் வேறு பெயரில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கும். காசு வாங்கியவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. வீட்டு டெஸ்க்டாப்பில் பேக்கப் இருந்ததால் என் அலியாஸ்கள் பிழைத்தன.

ப்ராம்ப்ட்டும் அரைகுறை. நிறத்துக்கான குறிகள் திரையில் இடம் பிடிக்காதவை என்று ஷெல்லுக்குச் சொல்ல வேண்டும். இசட்எஸ்எச்சில் சதவீதக் குறியும் நெளி அடைப்பும் போட்டு அவற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஷெல் வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடும், நீளமான கட்டளை மடங்கும்போது தன் தலையிலேயே தான் ஏறி எழுதும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகள் எல்லாமே நீளம்தான். என்ன அடித்தோம் என்பதே தெரியாமல் எத்தனை தரம் அழித்து அடித்திருப்பேனோ.

இதெல்லாம் கூடப் போகட்டும். டெர்மினல் திறக்கவே நேரம் எடுத்தது, நெட் இல்லாவிட்டால் அப்படியே நின்றது. இசட்எஸ்எச் என்று அடித்து ஒரு சிறு கோடும் எஃப்பும் சேர்த்தால், பயனரின் அமைப்புக் கோப்புகள் எதையும் படிக்காமல் ஷெல் திறக்கும். அப்படித் திறந்தால் கண் சிமிட்டும் நேரம்தான். ஆக, கோளாறு கோப்புகளில். ஆர்சியில் ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இசட்எஸ்எச்என்வ் கோப்பில் இருந்தது ஒரே ஒரு வரி. கடையின் தளத்திலிருந்து கர்ல் என்ற இறக்கும் கருவி மூலம் ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) இறக்கி, அதைப் பார்க்காமல் கொள்ளாமல் அப்படியே ஓட்டும் வரி. இந்தக் கோப்பை இசட்எஸ்எச் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் படிக்கும், திரையில் நாம் இல்லாவிட்டாலும்.

அதன் விளைவு கொடை சீசனில் தெரிந்தது. இரவில் டெஸ்க்டாப் என் லேப்டாப்பிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகக் கோப்புகளை இழுத்துக்கொள்ளும். திடீரென்று அது நின்றுபோய், உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கும் பிழைச்செய்தி வந்தது. ஆர்சிங்க் நிஜமாகவே அப்படித்தான் கேட்கும். மறுமுனை ஷெல் தேவையில்லாமல் எதையாவது பேசினால் அதற்குக் கணக்கு குழம்பிவிடும். பேசியது என்ன? இறங்கி வந்த ஸ்கிரிப்ட், சிவப்பு எழுத்தில்: 'உங்கள் ஆண்டுப் புதுப்பிப்பு ரூ. 1,200 நிலுவையில் உள்ளது.' ஆண்டுக் கட்டணம் என்ற பேச்சே முன்பு எழவில்லை, பில்லிலும் இல்லை.

அப்புறம் எஸ்எஸ்எச் ஃபோல்டரைப் பார்த்தேன். வேறொரு கணினியிலிருந்து இதில் நுழைய வைக்கும் வசதிதான் எஸ்எஸ்எச். யாருடைய சாவி அதில் பதிந்திருக்கிறதோ அவர் கடவுச்சொல் இல்லாமலே நுழையலாம். அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் என் டெஸ்க்டாப்பின் சாவிக்குக் கீழே எனக்குத் தெரியாத இன்னொன்று. வரியின் கடைசியில் 'சப்போர்ட்' என்ற பெயர்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி கொஞ்சமும் அசரவில்லை. "எதுக்கு அண்ணாச்சி அதையெல்லாம் தொறந்து பாக்குதீய? நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா நாங்க இங்க இருந்தே சரி பண்ணத்தான் அந்தச் சாவி" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் குடுக்கோம்" என்றார். அந்த 'எல்லாருக்கும்' தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப்பில் வெளியிலிருந்து அந்தச் சாவியோடு நேரே நுழைவது லேசில்லை. கர்ல் வரிக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. தங்கள் தளத்தில் அவர்கள் எதை மாற்றி வைத்தாலும் அது என் பெயரில், என் கோப்புகள் மேல் ஓடும். அவர்களின் தளத்தை வேறொருவன் கைப்பற்றினாலும் அதே கதிதான்.

காசைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். உரியவரின் அனுமதியில்லாமல் கணினியில் நுழைய வழி செய்வதைப் பற்றித் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவு பேசுகிறது. அதையும் புகாரில் குறிப்பிட்டிருக்கிறேன். அந்த வரியையும் சாவியையும் நீக்கும் முன் இரண்டு கோப்புகளையும் தேதியோடு நகலெடுத்து வைத்தேன். நீங்களும் கோபத்தில் முதலில் அழித்துவிடாதீர்கள், காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இந்தப் பக்கம் எங்காவது டெர்மினல் செட்டப் செய்து வாங்கியிருந்தால், இசட்எஸ்எச்என்வ், இசட்எஸ்எச்ஆர்சி, பேஷ்ஆர்சி, ப்ரொஃபைல் நான்கிலும் கர்ல், அதே வேலை செய்யும் டபிள்யூகெட் என்ற சொற்களைத் தேடுங்கள். எஸ்எஸ்எச் ஃபோல்டரில் 'சப்போர்ட்' சாவி இருந்தால் பில்லோடு எனக்குத் தகவல் அனுப்புங்கள், புகாரில் சேர்த்துவிடலாம்.