கிக்போர்டா, ஃபின்ஸா, மல்லாந்த உதையா?

1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990இல் நீக்கப்படும் வரை தென்னாப்பிரிக்காவின் நல்ல நீச்சல் குளங்களில் பெரும்பாலானவை வெள்ளையர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால், நீச்சலைச் சிறுவயதில் கற்க வாய்க்காத பெரியவர்கள் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. நடுவயதில் குளத்தில் இறங்குபவர்களுக்குக் கைவீச்சு ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. முரண்டு பிடிப்பது கால்தான். அதைச் சரிசெய்யக் கிடைக்கும் வழிகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் உதை இடுப்பு மூட்டிலிருந்து புறப்பட்டு, முழங்கால் லேசாக மடங்கி, தளர்ந்த கணுக்கால் வழியாகப் பாதத்தின் மேற்புறம் நீரைப் பின்னுக்குத் தள்ளுவதில் முடிகிறது. பெரியவர்களுக்கோ கணுக்கால் இறுகியிருக்கும். அதிலும் காம்ரேட்ஸ் மாரத்தான் போன்ற நெடுந்தூர ஓட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பயிற்சி செய்தவர்களின் பாதம் நீட்டச் சொன்னால்கூட முழுதாக நீளாது. அத்தகைய ஒருவர் கிக்போர்டு என்னும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு உதைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்குவதும், விரல்நுனிகள் குளத்தின் தரையைப் பார்த்துக் கொக்கிபோல் நிற்பதும், இவ்வளவு நுரை எழும்பியும் பலகை நகராமல் இருப்பதும் தெளிவாகத் தெரியும்.

கிக்போர்டின் மீது எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான்: அது குறையைத் திருத்துவதில்லை, வளர்க்கிறது. பலகையின் மேல் கைகளை ஊன்றித் தலையை உயர்த்தியதும் இடுப்பு தாழ்கிறது, தாழ்ந்த இடுப்பை ஈடுகட்ட முழங்கால் மடங்குகிறது, கழுத்தும் கீழ்முதுகும் வலிக்கத் தொடங்குகின்றன. உதை ஏற்கெனவே சீராக உள்ளவர்கள் காலின் தாங்குதிறனை வளர்த்துக்கொள்ள அது உதவும் என்பதை மறுக்கவில்லை.

பலகையை ஒதுக்கிவிட்டு மல்லாந்து உதைப்பதையே நான் முதலிடத்தில் வைப்பேன். மூச்சுக்குத் தட்டுப்பாடு இல்லை. முகம் மேலே இருப்பதால் தண்ணீர்ப் பயம் முழுதும் விலகாதவருக்கும் இது இயலும். அதைவிட முக்கியமானது, தவறு கண்ணுக்கே தெரிவது. முழங்கால் நீர்ப்பரப்புக்கு மேலே எட்டிப் பார்த்தால் உதை இடுப்பிலிருந்து வரவில்லை என்று பொருள். கால்விரல்கள் மட்டும் மேற்பரப்பை லேசாகக் கலக்கினால் சரியாகப் போகிறது. வேறு எந்தக் கருவியும் இவ்வளவு உடனடியாகத் தவறைக் காட்டுவதில்லை.

செங்குத்து உதையும் நல்லதே. கால் தரையைத் தொடாத ஆழத்தில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பதினைந்து இருபது விநாடி உதைத்தால், முன்னோக்கியும் பின்னோக்கியும் சமமாக உதைக்காதவர் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். ஆனால் ஆழமான பகுதியும் அருகில் உயிர்காப்பாளரும் இல்லாத இடத்தில் இது வேண்டாம்.

பாதத்தில் மாட்டிக்கொள்ளும் துடுப்பான ஃபின்ஸைப் பொறுத்தவரை நீளமானதைவிடக் குட்டையானதே மேல், ஏனெனில் நீளமானது உதையின் வேகத்தைக் குறைத்து இயல்பான தாளத்தைக் கெடுக்கிறது. குட்டை ஃபின்ஸ் பாதத்தை நீட்டிவைத்து, கால் மேலெழும்போதும் நீரின் எதிர்ப்பை உணரச் செய்கிறது. அதன் தொல்லை, அது தரும் வேகம் இனிப்பதுதான். கழற்றியதும் பழைய நிலை திரும்புகிறது. ஃபின்ஸோடு குளத்தின் ஒரு நீளம், உடனே அது இல்லாமல் ஒரு நீளம் என மாற்றி மாற்றி நீந்தினால்தான் பலன் காலில் தங்கும். இறுகிய கணுக்காலுக்கு, முழங்கால் நோய் இல்லாதவர்கள், வீட்டில் வஜ்ராசனத்தில் சிறிது நேரம் அமர்வது ஃபின்ஸைவிடச் செலவு குறைந்த வழி.

பயிற்சி எங்கே என்பதும் கணக்கில் வரும். டர்பன் கடற்கரையிலுள்ள ரேச்சல் ஃபின்லேசன் குளம் போன்ற உப்புநீர்க் குளத்தில் உடல் கூடுதலாக மிதப்பதால், தாழும் கால்களின் குறை ஓரளவு மறைந்துவிடுகிறது. ஹோவிக் அருகே மிட்மார் அணையில் 1974 முதல் நடந்துவரும் மிட்மார் மைல் நன்னீர்ப் போட்டி. அங்கே அந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தயாராகிறவர் நன்னீர்க் குளத்திலும் உதைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மைல் தூரத்துக்கு ஆறு உதைத் தாளம் தேவையும் இல்லை: தொடைத் தசைகள் ஆக்சிஜனை ஏராளமாகச் செலவிடுபவை என்பதால், கை ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டே உதை என்ற தாளம், வயதில் மூத்த நெடுந்தூர நீச்சல்காரர் பலருக்குப் போதுமானது.