கிரேட்ஃபுல் டெட் 1974: அந்த மைக்கை மட்டும் மன்னிக்க முடியவில்லை

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்க ஆரம்பிக்கும் நண்பர் ஒருவர், "எந்த வருஷத்துல இருந்து பிடிக்கலாம்?" என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு கட்சி. 72 கட்சி, 77 கட்சி, 89-90 கட்சி, 69க்குப் பிறகு எல்லாமே வீழ்ச்சி என்று அடம்பிடிக்கும் ஒரு சின்னக் கட்சி. என் ஓட்டு 1974க்கு. ஆனால் திட்டாமல் அந்த வருடத்துக் கச்சேரி ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. காரணம், மைக்.

அந்த வருடம் அவர்கள் மேடையில் நிறுத்திய ராட்சத ஸ்பீக்கர் சுவர் 'வால் ஆஃப் சவுண்ட்': மெக்கின்டாஷ் ஆம்ப்ளிஃபயர்கள், சுமார் 75 டன் எடை. உருவாக்கியவர்கள் ஒலி நிபுணர்களான ஔஸ்லி ஸ்டான்லி, டான் ஹீலி, அலெம்பிக் நிறுவன ஆட்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஸ்பீக்கர் அடுக்கு. கிதாரும் குரலும் ஒரே ஸ்பீக்கர் கோனில் முட்டிக்கொள்ளாததால் கரகரப்பே இல்லை. ஃபில் லெஷின் பேஸில் தந்திக்குத் தந்தி தனித்தனி சேனலாகப் பிரிக்கவும் வசதி. இந்தச் சுவர் இசைக்குழுவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆடியன்ஸ் கேட்பதையே மேடையிலும் கேட்கலாம், பாடுபவர் தன் சத்தத்தைக் கேட்கத் தனி மானிட்டர் ஸ்பீக்கர் தேவையில்லை. நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பீக்கர் முழுக்கப் பாடகரின் மைக்கைப் பார்த்தபடி இருந்தால் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து சுழல்வது) ஊளையிடாமல் என்ன செய்யும்?

அதற்கு அவர்கள் கண்ட வழி: ஆளுக்கு இரண்டு மைக். ஒன்றன்மேல் ஒன்றாக, சுமார் 60 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையின் மேடு பள்ளமாகும்படி, இணைப்பது. தூரத்திலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பாடுபவர் ஒரே மைக்கில் பாடுவதால் குரல் மட்டும் தப்பும்.

தப்புகிறது, ஆனால் முழுசாக இல்லை. குரலின் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு அலைநீளம் பெரிது. 60 மில்லிமீட்டர் வித்தியாசம் அவற்றுக்கு ஒன்றுமே இல்லை, அதனால் இரண்டாவது மைக்கில் விழுகிற பங்கு நேரே கழிந்துபோகும். உதடு மைக்கில் ஒட்டியிருந்தால் இழப்பு குறைவு. பாடுபவர் நாலு விரற்கடை பின்வாங்கினால் அடிக்குரலில் பெரும்பகுதி போய்விடும். அதே இடைவெளி 2,800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அரை அலைநீளம். அங்கே கழிவதற்குப் பதிலாகக் கூடுகிறது, மூக்கால் பாடுவது போன்ற பகுதி துருத்திக்கொள்கிறது. கிதார் வாசித்துக்கொண்டே பாடும் ஜெர்ரி கார்சியாவுக்கு ஏற்கெனவே மெல்லிய குரல். கிதார் கழுத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறவர் வேறு. விளைவு: கோடி ரூபாய் சிஸ்டத்தில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற பாட்டு.

ஈக்வலைசரில் சரிசெய்ய முயன்றால் இதுதான் நடக்கும். 200 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல் ஏற்றினால் குரலுக்குக் கொஞ்சம் சதை பிடிக்கும். ஆனால் கையிலிருப்பது பெரும்பாலும் எல்லாச் சத்தமும் கலந்து பதிவான இரண்டு டிராக் டேப். குரலோடு சேர்ந்து லெஷும் பியானோவின் இடது கையும் வீங்கி, இந்த வருடத்தின் பெரிய பலமான தெளிவு குழம்பிவிடும். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் குறைப்பது அதைவிடப் பத்திரமான வழி, எரிச்சல் குறையும். அதற்கு மேல் குடைய வேண்டாம். டேப்பில் பதியாததை எந்தக் குமிழைத் திருகியும் கொண்டுவர முடியாது.

பிறகு ஏன் 74? குழுவின் இரண்டாவது ட்ரம்மர் மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் போனவர், 1974 அக்டோபர் 20 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில்தான் திரும்ப வாசிக்கிறார். நடுவில் ட்ரம்ஸில் பில் க்ரூட்ஸ்மேன் ஒருவர்தான். ஒருவர் இருந்தால் ஒரே நொடியில் திரும்பலாம். லெஷ் ஒரு ஸ்வரத்தைத் தள்ளிப் போட்டதும் தாளம் கூடவே சாய்கிறது. இரண்டு பேர் என்றால் ஒருவர் மற்றவரைப் பார்த்து ஒத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். 1974 மே 21, சியாட்டில், 'ப்ளேயிங் இன் தி பேண்ட்': 46 நிமிடம். பத்து எண்ணிக்கைத் தாளத்தில் கிளம்பி, தாளமே கரைந்துபோய், பின் அதே பல்லவிக்கு வந்து சேர்கிறது. நடுவில் பாட்டே இல்லை என்பதால் மைக் தொல்லையும் இல்லை. இந்த ஒன்றை வைத்தே வழக்கை முடித்துவிடலாம்.

77 கட்சிக்கு ஒரு வார்த்தை. 1977 மே 8, கார்னெல் நல்ல கச்சேரிதான். ஆனால் அதன் புகழில் பாதி ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சனின் பதிவுக்குச் சேர வேண்டும். அடியிலிருந்து நுனிவரை சமமான ஒலி, கைமாறிக் கைமாறிப் பரவிய டேப். அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. வாசிப்பு இறுக்கம், ஆனால் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 1990 வசந்தத்தில் கீபோர்டு வாசித்த ப்ரெண்ட் மிட்லண்ட் உச்சத்தில் இருந்தார். மார்ச் 29 நசாவ் கொலிசியத்தில் ப்ரான்ஃபோர்ட் மார்சாலிஸ் சாக்ஸோடு ஏறிய இரவு தனி ரகம். ஆனால் கிதாரை மிடி கருவி வழியாகப் புல்லாங்குழலாக்கும் அந்தச் சத்தத்தை என் காது இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 72 ஐரோப்பாப் பயணம் 16 டிராக்கில் பதிவானது. அப்போது வந்த ஆல்பத்தில் குரல்கள் ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தவை. அதை வைத்துக்கொண்டு மற்ற வருடங்களின் நேரடிக் குரலை மட்டம் தட்டுவது அழுகுணி ஆட்டம்.

நண்பருக்கு: முதலில் 1972 ஆகஸ்ட் 27, ஆரிகனின் வெனிட்டா. குரல், வாத்தியம், வெயில் எல்லாமே சரியாக அமைந்த நாள். கணக்குப் போட்டால் 72தான் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற கச்சேரி ஆல்ப வரிசையின் 12ஆம் தொகுப்பு, 1974 ஜூன் 26, 28. நேராக பாட்டில்லாமல் வாசித்துக்கொண்டே போகும் ஜாம் பகுதிக்குப் போய்விடுங்கள். ஹெட்ஃபோனைவிடத் தரையில் நிற்கும் ஸ்பீக்கர் நல்லது, லெஷின் கீழ்த் தந்தி இருக்குமிடம் தெரியும். ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் சவுண்ட்போர்டு பதிவுகளை, அதாவது மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்தவற்றை, ஸ்ட்ரீம்தான் செய்ய முடியும். ரசிகர்கள் அரங்கில் மைக் வைத்து எடுத்த ஆடியன்ஸ் பதிவுகள் என்றால் இறக்கிக்கொள்ளலாம். கார்சியா பாட ஆரம்பித்ததும் வால்யூமில் கை போகும். போகட்டும், 74க்குப் போட்ட ஓட்டை மட்டும் மாற்ற மாட்டேன்.