நான்கு போர்வை, ஒரு வாக்கிங் ஃபுட்: வாங்கலாமா?

வீட்டுத் தையல் மெஷினில் மூன்று அடுக்கு, நான்கு அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கிற வேலை உங்களுக்கு இருந்தால் வாக்கிங் ஃபுட் வாங்குங்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற சாதாரண ஃபுட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற சாமான் இது, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். ஜாக்கெட், சுடிதார், தலையணை உறை என்று மட்டும் தைக்கிறீர்கள் என்றால் இது வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல ஊசியும் நூலும் வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கியது ஆன்லைனில், கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத லோ ஷாங்க் மாடல் (ஃபுட் மாட்டுகிற இடம் தாழ்வாக இருக்கிற மெஷினுக்கானது), 540 ரூபாய். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்தோம். அந்த இரண்டு நாளும் இது நிற்காமல் ஓடியது, அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

யாருக்குத் தைத்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், இந்தச் சாமான் எதற்குத் தேவைப்பட்டது என்பதே அதில்தான் இருக்கிறது. துணி வாங்குவதற்கு முன்னாலேயே அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் போய்க் கேட்டோம். நாங்கள் மனதில் வைத்திருந்தது நல்ல கனமான, பஞ்சு வைத்த போர்வை. அவர் கேட்டது வேறு. "கனமா வேண்டாம்மா, எங்களுக்கு தினம் துவைக்கிற வேலை, ஒரே வெயில்ல காயணும். பாதிப் பேருக்கு இதைக் கீழேயும் விரிப்போம், அதனால உள்ளே சுருங்கிக்கிட்டு மேடு கட்டாம இருக்கணும்" என்றார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அடியில் ஒரு மடிப்பு கிடந்தாலே போதும், அந்த இடத்தில் தோல் அழுந்திப் புண்ணாகிவிடும். எங்கள் பாட்டியைக் கடைசி எட்டு மாதம் பார்த்துக்கொண்டவள் நான், அதனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் போர்வையில் சுருக்கம் விழுந்தால் பார்க்க நன்றாக இல்லை என்பதோடு போகாது, அதன் மேல் படுக்கிறவருக்கு வலிக்கும்.

அதனால் பஞ்சை விட்டுவிட்டோம். மேலே ஒட்டுத்துணி, நடுவிலும் அடியிலும் பழைய காட்டன் சேலை, ஆக மூன்றே அடுக்கு. ஐந்தரை மீட்டர் சேலையை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் 54 இஞ்ச் வரும், ஒரு சேலையில் இரண்டு போர்வைக்கு நடுவும் அடியும் ஆகிவிடும். துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் இதற்குச் சரி, புதுத் துணி பிறகு சுருங்கும். மேல் பக்கத்துக்கு திருப்பூரில் வேலை செய்கிற தோழி கிலோ கணக்கில் கட் பீஸ் கொண்டுவந்தாள். ஆறரை இஞ்ச் சதுரமாக வெட்டி, கால் இஞ்ச் தையல் விட்டு, குறுக்கே ஏழு, நீளத்தில் எட்டு, மொத்தம் 56 சதுரம். தைத்து முடித்தால் 42க்கு 48 இஞ்ச். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மடியில் போட்டால் பாதம் வரை மூடும்.

சதுரங்களைச் சேர்க்கும் வரை சாதாரண ஃபுட்டே போதும். மூன்று அடுக்கையும் சேர்த்து மூன்று இஞ்சுக்கு ஒரு கோடு என்று நீளவாக்கில் தைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். ஊசிக்கு அடியில் தகட்டில் இருக்கிற மெஷினின் பல் அடித்துணியை மட்டும் பின்னால் இழுக்கிறது. மேல்துணியை இழுக்க எதுவும் கிடையாது, மேலிருந்து அழுத்துகிற ஃபுட் அதை முன்னால் தள்ளிக்கொண்டே வருகிறது. நான்கு இஞ்ச் நீளத்தில் இது தெரியவே தெரியாது, 48 இஞ்ச் கோட்டின் கடைசியில் மேல்துணி ஒரு விரல் அகலத்துக்கு மிச்சமாக நிற்கும். வித்தியாசம் தெரியட்டும் என்று முதல் போர்வையில் இரண்டு கோட்டை மட்டும் சாதாரண ஃபுட்டில் போட்டேன். கீழ்ப்பக்கம் திருப்பினால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நீளமாக மடிப்பு. அந்தம்மா வேண்டாம் என்று சொன்னது அப்படியே கண்ணெதிரில் இருந்தது. மாடி வீட்டு அக்கா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கோட்டையும் பிரித்துக் கொடுத்தார்.

வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் ஒரு ஜோடி பல் இருக்கிறது. பக்கத்தில் கவட்டை மாதிரி ஒரு கை நீண்டிருக்கும், அது ஊசியை இறுக்கிப் பிடிக்கிற திருகின் மேல் உட்கார வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது அந்தக் கையும் ஏறி இறங்கும், அதனால் கீழ்ப்பல் துணியை நகர்த்துகிற அதே நேரத்தில் மேல்பல்லும் நகர்த்தும். மேலும் கீழும் சேர்ந்தே போவதால் 13 கோடும் போட்ட பிறகு ஓரம் ஓரத்தோடு ஒட்டி நின்றது. ஒரு போர்வைக்கு இந்தக் கோடு மட்டும் 17 கஜத்துக்கு மேல் வருகிறது. நான்கு போர்வையின் அடிப்பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. எனக்கு இதுதான் வேண்டியிருந்தது, 540 ரூபாய்க்கு அது கிடைத்தது.

கையால் தைத்தால் இந்தப் பிரச்சினையே வராது என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகாவின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் பழைய துணியில் தைக்கிற போர்வையை ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிக் கையாலேயே கொண்டுபோவார்கள். விரல்கள் எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் எதுவும் நழுவாது, ஓட்டுத் தையலின் அழகும் தனி. ஆனால் அதற்கு எத்தனையோ நாள் வேண்டும், எங்களிடம் இருந்தது இரண்டு நாள்.

இனி குறைகள். டப்பாவில் எப்படி மாட்டுவது என்று ஒரு சீட்டுக்கூட இல்லை. முதல் தடவை கவட்டையை ஊசித் திருகுக்குக் கீழே வைத்து மாட்டிவிட்டேன், மிதித்தவுடனே ஊசி ஃபுட்டில் இடித்து முறிந்தது, துண்டு எங்கேயோ தெறித்து அதைத் தேட அரை மணி நேரம் போனது. முதியவர்கள் விரிக்கிற துணியில் ஊசித் துண்டு இருக்கலாம் என்ற பயத்தில் ஐந்து பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம், கடைசியில் மெஷினுக்கு அடியில் கிடைத்தது. நீங்கள் மாட்டியதும் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு மிதியுங்கள்.

வேகம் ஆகாது. முழு வேகத்தில் மிதித்தால் டக் டக்கென்று சத்தம் போடுகிறது, தையலும் சீராக விழுவதில்லை. மிதமாக மிதித்து, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டரில் வைத்தால் நன்றாக விழுகிறது. ரிவர்ஸ் போகக் கூடாது, கோட்டின் ஆரம்பத்திலும் முடிவிலும் நான்கைந்து தையலைப் பொடியாகப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். நேர்க்கோடு, ரொம்ப லேசான வளைவு, அவ்வளவுதான். பூ, கொடி, சுழி எல்லாம் போட ஆசைப்பட்டால் அதற்குப் பல்லை இறக்கிவிட்டு டார்னிங் ஃபுட் மாட்ட வேண்டும்.

அக்காவின் பழைய கறுப்பு மிதி மெஷினில் இது மாட்டியது, ஆனால் சரியாக வேலை செய்யவில்லை. நேர்த் தையல் மட்டும் போடுகிற அந்த மெஷினில் கீழ்ப்பல் குறுகலாக இருக்கும், இந்த ஃபுட்டின் மேல்பல் அகலமானது, இரண்டும் நேருக்கு நேர் பிடிக்காமல் துணி இழுபட்டது. அதனால் அந்த மெஷினைச் சதுரம் சேர்க்க வைத்துக்கொண்டோம், அந்த வேலையில் என் ஜிக்ஜாக் மெஷினைவிட அதுதான் வேகம். தோழியின் போர்ட்டபிள் மெஷின் ஓரப்பட்டி தைக்கப் போய்விட்டது. கட் பீஸில் கலந்து வந்த பனியன் துணியை வாக்கிங் ஃபுட்டும் முழுதாகக் காப்பாற்றவில்லை, வழக்கமான துணியோடு சேர்த்து வைத்த இடங்களில் கொஞ்சம் இழுத்தது. ஞாயிறு காலையில் பனியன் துண்டுகளை எல்லாம் பொறுக்கித் தனியே எடுத்துவிட்டோம்.

இது இருக்கிறதே என்று ஊக்கு குத்தாமல் விடாதீர்கள். ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு வேண்டும். அடிச்சேலையைத் தரையில் இழுத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, அதன் மேல் மற்ற இரண்டையும் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குத்திக்கொண்டே போக வேண்டும். முட்டி வலிக்கும். எங்களில் இரண்டு பேர் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் முழுக்க இதைத்தான் செய்தார்கள், கோடு நேராக விழுந்ததில் பாதிப் பங்கு அவர்களுடையது. மூன்று அடுக்குக்கு 14ஆம் நம்பர் ஊசி போதும், தையல் சேர்ந்து தடித்த மூலைகளில் அது திணறினால் 16க்கு மாறுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் மெஷின் லோ ஷாங்கா ஹை ஷாங்கா என்று பாருங்கள். ஃபுட்டை இறக்கிவிட்டு, அதைப் பிடித்திருக்கிற திருகின் நடுவிலிருந்து கீழே தகடு வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். அரை இஞ்ச் அளவில் இருந்தால் லோ, ஒரு இஞ்ச் அளவில் இருந்தால் ஹை. அளக்காமல் வாங்கித் திருப்பி அனுப்பிய ஒரு தோழி எங்கள் ஐவரிலேயே இருக்கிறாள்.

ஆறு போர்வைக்குத் துணி வெட்டியிருந்தோம், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நான்கு முழுதாக முடிந்திருந்தது. மீதி இரண்டுக்கும் கோடு போட்டாயிற்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கஜ ஓரப்பட்டி மட்டும் பாக்கி. முடிந்த நான்கையும் ஒரு தடவை துவைத்து வெயிலில் போட்டுப் பார்த்தோம். காலை பத்து மணிக்குப் போட்டது, மதியச் சாப்பாட்டுக்கு முன் காய்ந்திருந்தது.