மாமர நிழலுக்கு ஒரு புல், மதிலுக்கு?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு பாதி மணல், பாதி மாமர நிழல். சுற்றிவரச் சீமெந்து மதில். நிழலையும் மதிலையும் பச்சையாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நிழலில் முதலில் அறுகுதான் பதித்தேன். வெயில் மணலில் அதைப்போல் ஓடிப் பிடிக்கும் புல் கிடையாது. மாமரத்தடியிலோ வெளிச்சம் தேடி மெலிந்து நீண்டு, ஒரு மாரிக்குள் திட்டுத்திட்டாக வழுக்கை விழுந்துவிட்டது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழாத இடத்தில் அறுகுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்து அகல இலைப் புல், அதாவது அக்சோனோபஸ் இனம். குறைந்த வெளிச்சத்துக்கு அகன்ற இலை உதவுகிறது, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் படருகிறது. வேர் ஆழம் போகாது என்பதுதான் குறை. வைகாசியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் வெறும் மணலில் கருகிவிடும். மாட்டெருவும் தும்புத் தூளும் கலந்த பிறகே வேர் பிடித்தது. தும்புத் தூளில் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ஒட்ட வெட்டவும் கூடாது, இரண்டு மூன்று அங்குலம் நிற்கட்டும். மரத்தின் தூரடியில் அதுவும் வராது. அங்கே மொண்டோ புல் என்கிற குட்டைச் செடிதான். உண்மையில் அது புல்லினமே இல்லை, விலையும் கூட, மெதுவாகத்தான் பரவும். ஆனால் வெட்டும் வேலை இல்லை.

சரி, மதிலுக்கு வருவோம். ஃபெல்ட் என்னும், இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணியை மதிலில் கட்டி, அதில் புல் வளர்த்துப் பார்த்தேன். தண்ணீர் கீழே இறங்க, மேல் வரிசை காய்ந்தது, கீழ் வரிசை ஊறி அழுகியது. புல் எப்போதும் வானத்தைப் பார்த்து வளைவதால் மதிலில் தாடிபோல் துருத்தி நின்றது. கிணற்று நீரின் உவர் துணியில் வெள்ளையாகப் படிந்தது. பரீசில் பிரான்லி அருங்காட்சியகச் சுவரைப் பச்சையாக்கிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் பற்றிக் பிளாங்கும் ஃபெல்ட் முறையைத்தான் கையாள்கிறார். ஆனால் அவர் பெரிதும் நம்புவது காட்டின் அடிநிழலிலும் பாறைகளிலும் இயல்பாக வளரும் செடிகளை.

அதனால் மதிலுக்கு என் தேர்வு சுவரில் ஒட்டி ஏறும் அத்திக்கொடி. ஆரம்பத்தில் சோம்பல்; பிடித்துவிட்டால் வெட்டி அடக்க வேண்டும், சீமெந்துப் பூச்சையும் கொஞ்சம் பெயர்க்கும். ஆனாலும் நிலத்தில் வேரூன்றி நிற்பதால் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் சாகாது.

எந்த மதில் என்பதையும் பாருங்கள். மட்டக்களப்பில் சித்திரை தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே வடக்கு பார்த்த மதில் எப்போதும் நிழல் என்று நம்பிச் செடி வைத்தால் கச்சான் மாதங்களில் ஏமாந்துபோவீர்கள். மேற்கு பார்த்த மதிலுக்குப் பின்னேர வெயிலும் அந்தக் காற்றும் சேர்ந்தே வரும். ஃபெல்ட்டில் எதையாவது வளர்த்தே ஆக வேண்டுமென்றால் காலை வெயில் மட்டும் படும் கிழக்கு பார்த்த மதிலில், புல்லை விட்டுப் பன்னச் செடிகளோடு, ஐப்பசி மழையோடு தொடங்குங்கள்.