டாக்டர் ஹூ: டிரௌட்டனா, டாம் பேக்கரா?

பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ'. அதில் டாக்டர் என்ற நாயகன் வேடத்தில் நடிகர்கள் மாறி மாறி வருவார்கள். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னதும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் அந்த ஸ்கார்ஃபும் சுருட்டை முடியுமாக டாம் பேக்கர்தான் கண்ணுக்கு முன்னால் வருவார். 1974 முதல் 1981 வரை ஏழு சீசன்கள் நடித்தவர், வேறு எந்த டாக்டரும் அவ்வளவு காலம் தொடர்ந்து நடித்ததில்லை. ஆனால் அந்த வேடத்தை மாற்றியது யார் என்றால் நான் பேட்ரிக் டிரௌட்டன் கட்சி.

1966-இல் உடல்நலம் சரியில்லாமல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, அவர் இடத்துக்கு வந்த டிரௌட்டன் அவருடைய கண்டிப்பான கிழவரை நகல் எடுத்திருந்தால் தொடர் அதோடு படுத்திருக்கும் என்பது என் எண்ணம். அவர் தொளதொளக் கோட்டும் ஊதுகுழலுமாக ஒரு கோமாளி மாதிரி வந்து, எதிராளி அசந்த நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டுப் போனார். ஆள் மாறலாம், குணமே மாறலாம் என்ற துணிச்சல் அங்கேதான் பிறந்தது. பேக்கருக்குக் கிடைத்த சுதந்திரமும் அதன் மிச்சம்தான்.

பேக்கரின் பாணி பேக்கரோடு ஒட்டிப்போனது. எதிரிக்கு ஜெல்லி மிட்டாய் நீட்டிவிட்டு சட்டென்று முகம் இறுகுவாரே, அதை இன்னொருவர் செய்தால் மிமிக்ரிதான். டிரௌட்டனிடமிருந்து கடன் வாங்க முடியும். பின்னாளில் டாக்டராக வந்த மேட் ஸ்மித், 1967-இல் வந்த டிரௌட்டனின் சைபர்மேன் (இயந்திர மனித வில்லன்கள்) கல்லறைக் கதையைப் பார்த்து மயங்கியவர், அவர் கட்டிய போ டை கூட டிரௌட்டன் பக்கத்துச் சாயல்தான்.

ஒரே வருத்தம், டிரௌட்டனின் எபிசோடுகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. இந்தக் கல்லறைக் கதையே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாங்காங்கில்தான் கிடைத்தது. பேக்கர் விஷயத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஒளிபரப்பானது அத்தனையும் இருக்கிறது. சரி, புதிதாகப் பார்ப்பவர்கள் பேக்கரில் தொடங்குங்கள், அப்புறம் இந்தக் கல்லறைக் கதையின் நாலு எபிசோடு.