காசாஓஎஸ் தளத்தில் என்ஜின்எக்ஸ் பிராக்சி மேனேஜர்: ஒரு மதிப்புரை

வீட்டுச் சர்வரில் இயங்கும் பல செயலிகளை ஒரே டொமைனின் கீழ் எச்டிடிபிஎஸ் பாதுகாப்புடன் பயன்படுத்த விரும்புவோருக்கு, வரும் கோரிக்கைகளை உரிய செயலிக்குத் திருப்பிவிடும் என்ஜின்எக்ஸ் பிராக்சி மேனேஜரை, வீட்டுச் சர்வரை உலாவி வழியாக நிர்வகிக்க உதவும் காசாஓஎஸ் தளத்தில் கன்டெய்னராக (தனித்து இயங்கும் செயலிப் பொதியாக) நிறுவுவது நல்ல தேர்வு என்பதே என் மதிப்பீடு. கன்டெய்னர்களின் அமைப்பை விவரிக்கும் வழக்கமான டாக்கர் கம்போஸ் கோப்பில் 'எக்ஸ்-காசாஓஎஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, செயலியின் பெயர், ஐகான், நிர்வாகப் பக்கத்துக்கான 81 என்ற போர்ட் (இணைப்பு வாயில் எண்) ஆகியவற்றைக் குறிப்பிட்டால், அது டாஷ்போர்டில் மற்றச் செயலிகளோடு வந்து அமர்ந்துகொள்கிறது.

சிக்கல் போர்ட்டில்தான் இருக்கிறது. காசாஓஎஸ் தன் முகப்புப் பக்கத்துக்கு இயல்பாகவே 80ஆம் போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. எச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், டொமைன் நம்முடையதுதானா என்று எச்டிடிபி வழியாகச் சரிபார்க்கவும் அதே போர்ட்தான் வேண்டும். ஆகவே முதலில் காசாஓஎஸ் அமைப்புகளில் அதன் போர்ட்டை மாற்றிவிட்டு, 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 இரண்டையும் பிராக்சிக்கு ஒதுக்க வேண்டும். ரவுட்டரில் அவற்றைத் திறக்க இயலாத இணைப்பாக இருந்தால் டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழியான சரிபார்ப்பே வழி; அந்த வசதியும் பிராக்சி மேனேஜரில் உண்டு.

புதியவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்று: செயலியின் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால், அது பிராக்சி கன்டெய்னரையே குறிக்கும் என்பதால், பெரும்பாலும் 502 பிழைதான் (செயலியை அடைய முடியவில்லை என்ற செய்தி) திரையில் தெரியும். இரு கன்டெய்னர்களையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இணைத்து, செயலியின் கன்டெய்னர் பெயரைக் கொண்டு அழைப்பதே முறை. அமைப்புகளும் சான்றிதழ்களும் சேமிக்கப்படும் கோப்புறைகளை வால்யூமாக (கன்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடமாக) இணைக்காவிட்டால், புதுப்பிக்கும்போது அனைத்தும் அழிந்துவிடக்கூடும். அமைப்புகளைக் கோப்பில் எழுதியே பழகியவர்களுக்குக் கேடி (Caddy) என்ற இன்னொரு பிராக்சி மென்பொருள் இதைவிட எளிமையாகப் படலாம்.