மாத்திரையா, ஜெல்லா, அம்மாவின் உளுந்தங்களியா?

அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் வேர்க்காதவர் யார்? அதனால்தான் சித்திரையில் எனக்குத் தொடங்கிய சூடு, தீட்டு நிற்கிற வயதில் வருவது என்று பிடிபடவே மார்கழி ஆகிவிட்டது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். ஏசி நேராக முகத்தில் அடிக்கிற இடம். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் சூடு கிளம்பி, கழுத்தில் ஏறி, காது மடல் வரை போகும். இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் பில் புத்தகத்தின் கார்பன் தாளில் வேர்வை சொட்டியிருக்கும். அப்புறம் ஜில்லென்று ஒரு நடுக்கம். இரவில் இதே கூத்து நான்கைந்து தடவை. வயது 48, தீட்டு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். முதலில் கழித்துக்கட்டியது கர்ப்பப்பையை எடுக்கிற யோசனையை. ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்தே நிமிடத்தில், "இனி எதுக்கும்மா அது, எடுத்துடலாம்" என்றார்கள். சூட்டுக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தமே இல்லை. சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதி தடுமாறி, ஒன்றுமில்லாததற்கு வேர்க்க வைக்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் படிப்படியாகக் குறைய வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோகும். சூடு இன்னும் மோசமாகும்.

அடுத்தது அம்மாவின் மருந்து. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. குமரியானதற்கும் அதுதான், கிழவியாவதற்கும் அதுதான். ருசிக்கு நான் எதிரியில்லை, இன்றும் சாப்பிடுகிறேன். ஆனால் மூன்று மாதம் தின்றும் சூடு ஒரு தடவைகூடக் குறையவில்லை. சோயாவுக்கு ஆராய்ச்சிகளில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது, அதுவும் ஒரே மாதிரி இல்லை. நம் ஊரில் பலருக்கும் எழுதித் தரும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைக்கு அந்த அளவுகூட ஆதாரம் இல்லை. காசுக்குத்தான் கேடு.

மிச்சம் இருந்தது எல்லோரும் பயப்படுகிற ஹார்மோன் சிகிச்சை, அதாவது குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பது. "புத்துநோய் வந்துரும்டி" என்பதுதான் கடையில் என்னோடு நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே செய்தி. அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஹார்மோன் மாத்திரை பற்றி நடந்த பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அந்த மாத்திரையை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. பொய்யில்லை. ஆனால் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கொடுத்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனும். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. இது யார் காதிலும் விழவில்லை. 60 வயதுக்குள், அல்லது தீட்டு நின்ற பத்து வருடத்துக்குள், வேறு தடையில்லாதவர் தொடங்கினால் கெடுதலைவிட நன்மையே பெரிது என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. சூட்டின் எண்ணிக்கை ஏறக்குறைய முக்கால் பங்கு குறையும், எலும்புத் தேய்மானமும் மட்டுப்படும். இதோடு போட்டி போட வேறு மருந்து இல்லை.

சரி, மாத்திரையா ஜெல்லா? எனக்குப் பெரிய கேள்வி இதுதான், ஏனென்றால் என் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல, பி.பி.யும் எல்லைக்கோட்டில். விழுங்குகிற ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து அதனால்தான். தோலில் தடவுகிற ஜெல் நேராக ரத்தத்தில் கலப்பதால் அந்த ஆபத்து மாத்திரையைவிட வெகு குறைவு. மாத்திரைக்கு இருக்கிற சாதகம் விலையும் வசதியும்தான். ஜெல்லுக்குக் காத்திருக்க வேண்டும்: குளித்துத் துடைத்து, கையிலோ தொடையிலோ தடவி, காய்ந்த பிறகே சேலை. மார்பில் தடவக்கூடாது. பேரப்பிள்ளை வந்து அந்தக் கையைத் தடவிக்கொண்டு உட்காரவும் கூடாது. மதுரை வேர்வையில் காய்வதற்கு நான் ஃபேனுக்கு அடியில் நிற்கும் அழகை யாரும் பார்க்காமல் இருந்தால் சரி. ஒட்டுகிற பேட்சும் இதே வகைதான்; வேர்வையில் உரிந்து ரவிக்கையில் ஒட்டிக்கொள்ளும் என்று நானே தள்ளிவிட்டேன்.

ஒன்றை மட்டும் யாரும் விடக்கூடாது. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உட்சுவர் தடித்து அங்கே புற்றுநோய் வரலாம். கூடவே புரோஜெஸ்ட்ரோன் வேண்டும். எனக்கு இரவில் ஒரு கேப்ஸ்யூல். அது தூக்கம் வரவைக்கும். பக்கவிளைவு என்று எழுதியிருந்தது, எனக்கு அது பரிசு.

மதினிக்கு இந்தக் கணக்கே செல்லாது. நாலு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய், அது திரும்பாமல் இருக்க இன்னும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். ஹார்மோன் பக்கமே போகக்கூடாது. முன்பு ரத்தம் கட்டியவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ஈரல் கெட்டவர்கள், காரணம் தெரியாமல் உதிரப்போக்கு இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான். மதினிக்கு வென்லாஃபாக்சின் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கான மருந்து என்று தெரிந்ததும், "ஏத்தா, எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று என்னிடம்தான் சண்டை. சூட்டையும் அது குறைக்கும், ஹார்மோன் அளவுக்கு இல்லாவிட்டாலும். மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான பரோக்ஸெட்டின் டமாக்சிஃபென் வேலை செய்வதைக் கெடுக்கும், அதனால் மதினிக்கு அது ஆகாது. இரவு வேர்வை மட்டும் அதிகமென்றால் காபாபென்டின் என்று இன்னொன்றும் உண்டு. காலையில் தலை கிறுகிறுக்கும் என்கிறார்கள்.

திருமங்கலத்துப் பெரியக்காவுக்குச் சூடே இல்லை. பிறப்புறுப்பில் எரிச்சல், வறட்சி, அடிக்கடி நீர்க்கடுப்பு. ஐந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு உள்ளே வைக்கிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம் என்பதால் புரோஜெஸ்ட்ரோனும் தேவையில்லை. என்னைக் கேட்டால் இத்தனையிலும் சுலபமான தேர்வு இதுதான், கேட்கக் கூச்சப்படுவதும் இதைத்தான்.

தொடங்குமுன் மார்பகப் படம், வயிற்று ஸ்கேன், பி.பி., தைராய்டு பார்த்தார்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பும் வேர்வையும் வரும். ஜெல் தடவத் தொடங்கி ஐந்தாவது வாரம், கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். பக்கத்து கவுன்ட்டர் பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.